லவிங் தினத்தைக் கொண்டாடுவது எப்படி: நாற்பது பேருக்கான திட்டம்

ஜூன் 12 அமெரிக்காவில் அரசு விடுமுறை அல்ல. அது வார நாளாக இருந்தால் வங்கி திறந்திருக்கும், தபால் வரும், அலுவலகமும் உண்டு. இருந்தும் இனம் கடந்து மணந்துகொண்ட தம்பதிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் பல ஊர்களில் அன்றைக்கோ அதையொட்டிய வார இறுதியிலோ கூடுகிறார்கள். 1967-ல் அதே நாளில்தான் 'லவிங் எதிர் வர்ஜீனியா' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: இன்ன இனத்தார் இன்ன இனத்தாரை மணக்கக் கூடாது என்று எந்த மாநிலமும் சட்டம் போட முடியாது. லவிங் என்பது அந்த வழக்கைத் தொடுத்த ரிச்சர்ட் (வெள்ளையர்), மில்ட்ரெட் தம்பதியின் குடும்பப் பெயர். நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியில் படித்த கென் தனாபே, 2004-ல் தன் பட்டமேற்படிப்புத் திட்டமாக இந்த நாளைத் தொடங்கினார்.

இங்கே சொல்லியிருப்பது பூங்காவில் நடத்தும் நடுத்தரக் கூட்டத்துக்கு. பன்னிரண்டு குடும்பம், பெரியவர்கள் 28, பிள்ளைகள் 12 என்று கணக்கு. ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இது ஒரு தீர்ப்பின் ஆண்டு நாள். தீர்ப்பு நிகழ்ச்சிக்குள் வராவிட்டால் ஆளுக்கொரு நாட்டுச் சாப்பாடு, ஆளுக்கொரு நாட்டு உடை, ஒரு குழுப் படம் என்று முடிந்துபோகும். அதை எந்தச் சனிக்கிழமையும் செய்துகொள்ளலாம். எந்த மாநிலத்தில் தடை எப்போது விலகியது என்று காட்டும் வரைபடத்துக்கும், வழக்கின் கதையை வாசிப்பதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லா ஏற்பாடும் அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான்.

தேதியும் இடமும்

12-ம் தேதி வார நாளில் வந்தால் அருகிலுள்ள சனிக்கிழமையை எடுங்கள். ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம். 12-ம் தேதி புதனிலோ வியாழனிலோ விழும் ஆண்டுகளில் அடுத்த ஞாயிறே தந்தையர் தினமாகிவிடும். அன்று வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். 19-ம் தேதி ஜூன்டீன்த், 2021 முதல் அது தேசிய விடுமுறை. அந்த வாரத்துக்குத் தள்ளி இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். அடிமை முறையின் முடிவைக் குறிக்கும் நாள் அது; அதற்கு வேறு கனம் உண்டு. 2026-ல் ஜூன் 12 வெள்ளி. 2027-ல் சனி, தீர்ப்பின் 60-ம் ஆண்டு நிறைவும் அன்றுதான். அந்த ஆண்டுக்கு இடம் வேண்டுமென்றால் பதிவு தொடங்கும் அன்றே பதிந்துவிடுவது நல்லது.

பூங்காவில் கூரை போட்ட மண்டபத்தை எடுங்கள். ஜூன் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் மரநிழல் போதாது. பதியும்போது நகரப் பூங்காத் துறையிடம் நான்கு விஷயம் கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி தேவையா, பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்களா, மின்இணைப்பு உண்டா, முன்பணம் எந்த நிலையில் திரும்ப வரும். ஒலிபெருக்கி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மண்டபத்துக்கு அனுமதி வாங்கினால் ஒலிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

மொத்தம் மூன்றரை மணி நேரம் போதும். காலை 10:30 முதல் 2 மணி வரை, இல்லையென்றால் மாலை 4:30 முதல் 8 வரை. ஜூனில் பொழுது சாய நேரமாகும் என்பதால் மாலை சௌகரியம். கைக்குழந்தைகள் அதிகம் என்றால் காலை.

தவறாகச் சொல்லப்படுகிறவை

அழைப்பிதழ் எழுதும் முன்பே இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பில் அச்சான பிழை அப்படியே நகர மன்றப் பிரகடனத்திலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஏறிவிடும்.

'1967 வரை அமெரிக்காவில் இனம் கடந்த மணம் குற்றம்' என்று எழுதக் கூடாது. தீர்ப்பு வந்த நாளில் அப்படிச் சட்டம் வைத்திருந்தவை 16 மாநிலங்கள். மற்ற 34-ல் தடை இல்லை. 'முதல் வெற்றி' என்பதும் தவறு. 1948-லேயே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 'பெரெஸ் எதிர் ஷார்ப்' வழக்கில் அந்த மாநிலத்தின் தடையைத் தள்ளுபடி செய்துவிட்டது. லவிங் தம்பதி ஓராண்டு சிறையில் இருந்தார்கள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். தண்டனை ஓராண்டுதான், ஆனால் மாநிலத்தை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து திரும்பக் கூடாது என்ற நிபந்தனையில் அது நிறுத்திவைக்கப்பட்டது. சிறையைவிட நாடுகடத்தல் போன்ற தண்டனை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மில்ட்ரெட் கடிதம் எழுதியது ஜனாதிபதி கென்னடிக்கு அல்ல, அவருடைய தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடிக்கு.

தீர்ப்போடு சட்டப் புத்தகம் உடனே சுத்தமாகிவிடவில்லை. செயலிழந்த தடை வாசகத்தைத் தென் கரோலைனா தன் அரசியல் சட்டத்திலிருந்து 1998-லும் அலபாமா 2000-லும்தான் நீக்கின. அலபாமாவில் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 40 சதவீதம் பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இது, விட்டுவிடாதீர்கள்.

மில்ட்ரெட்டை ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். தீர்ப்பு அவரைக் கறுப்பினப் பெண் என்கிறது. பிற்காலத்தில் அவரே தம்மைப் பூர்வகுடி வழியினர் என்று சொல்லியிருக்கிறார். இரண்டையும் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வரும் பல பிள்ளைகளுக்கு இது தங்கள் கதை போலவே இருக்கும்.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால் நம்பகமானவை சில. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 1967-ல் புதிதாக மணமானவர்களில் 3 சதவீதத்தினர் வேறு இன அல்லது இனக்குழுத் துணையை மணந்தார்கள். 2015-ல் அது 17 சதவீதம். கறுப்பர், வெள்ளையர் திருமணத்தை ஏற்பவர்கள் காலப் (Gallup) நிறுவனத்தின் 1958 கருத்துக்கணிப்பில் 4 சதவீதம், 2021-ல் 94. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறித்தவர்கள் 3.38 கோடிப் பேர், மொத்தத்தில் 10.2 சதவீதம். 2010-ல் அது 90 லட்சம்தான். ஆனால் இந்தப் பாய்ச்சலை அப்படியே பிறப்புக் கணக்காகச் சொல்லக் கூடாது. கேள்வியின் அமைப்பும், எழுதித் தந்த பதில்களை வகைப்படுத்தும் முறையும் இடையில் மாறின. உயர்வின் ஒரு பகுதி அதனால் வந்தது.

வரைபடம்

வந்து இறங்கியவர்கள் கையில் தட்டோடு ஒதுங்கி நிற்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. 36-க்கு 48 அங்குலத்தில் அமெரிக்க மாநிலங்களின் எல்லைக்கோட்டு வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள். அச்சுக் கடைகளில் கட்டட வரைபடத்துக்குப் பயன்படும் மெல்லிய தாளில் கேட்டால் செலவு குறையும். நுரைப் பலகையில் ஒட்டி, மேலும் கீழும் கிளிப் போட்டு மண்டபத் தூணில் கட்டுங்கள். சாய்த்து வைத்தால் முதல் காற்றிலேயே விழும்.

நான்கு நிறத்தில் முக்கால் அங்குல வட்ட ஒட்டிகள் வாங்குங்கள். சாம்பல், இளநீலம், ஆரஞ்சு, ஊதா நன்றாகப் பிரிந்து தெரியும். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, மஞ்சள், சிவப்பு வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்தால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஒட்ட வேண்டியது இப்படி:

சாம்பல், இனம் கடந்த மணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் எப்போதுமே இல்லாத 9: அலாஸ்கா, ஹவாய், கனெக்டிகட், மின்னசோட்டா, நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, நியூயார்க், வெர்மான்ட், விஸ்கான்சின்.

இளநீலம், 1887-க்குள் நீக்கிவிட்ட 11: பென்சில்வேனியா (1780), மாசசூசெட்ஸ் (1843), அயோவா (1851), கான்சஸ் (1859), நியூ மெக்சிகோ (1866), வாஷிங்டன் (1868), இல்லினாய் (1874), ரோட் தீவு (1881), மெய்ன், மிச்சிகன் (இரண்டும் 1883), ஒஹாயோ (1887).

ஆரஞ்சு, 1948-க்கும் 1967-க்கும் இடையில் தடை விலகிய 14: கலிபோர்னியா, ஓரிகன், மான்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, கொலராடோ, நெவாடா, ஐடஹோ, அரிசோனா, யூட்டா, நெப்ராஸ்கா, இண்டியானா, வயோமிங், மேரிலாந்து. இதில் மேரிலாந்து நீக்கியது தீர்ப்பு வந்த அதே 1967-ல்.

ஊதா, தீர்ப்பு வந்து தடை செல்லாமல் போன 16: வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வடக்கு கரோலைனா, தென் கரோலைனா, ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா, ஓக்லஹோமா, மிசூரி, டென்னசி, கென்டக்கி, டெலவேர்.

கூட்டினால் 50 வரவேண்டும். வரவில்லையென்றால் மேற்கு வர்ஜீனியா விட்டுப்போயிருக்கும், முதலில் அங்கே பாருங்கள். ஒட்டும் வேலையைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவைக்காதீர்கள். பட்டியலைப் பக்கத்தில் தொங்கவிட்டு, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் விடுங்கள். அரை மணி நேரம் ஓடும். முடிந்ததும் ஒவ்வொரு தம்பதியும் தாங்கள் மணந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தட்டும். வெளிநாட்டில் மணந்தவர்களுக்காக ஓரத்தில் ஒரு கட்டம் விடுங்கள். இல்லையென்றால் அட்லாண்டிக் கடல் முழுக்க ஊசியாகிவிடும்.

இந்தியக் குடும்பங்கள் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: நாங்கள் இதில் எங்கே வருகிறோம்? பதிலைத் தயாராக வைத்திருங்கள். வர்ஜீனியாவின் 1924 இனத் தூய்மைச் சட்டப்படி வெள்ளையர் வெள்ளையரை மட்டுமே மணக்க முடியும். அதனால் அங்கே ஒரு தமிழரும் வெள்ளைக்காரப் பெண்ணும் மணந்துகொள்ள வழியில்லை. ஒரு தமிழரும் கறுப்பினப் பெண்ணும் மணந்தால் அந்தச் சட்டம் கண்டுகொள்ளாது. வெள்ளையர் அல்லாதவர்கள் தங்களுக்குள் எப்படிக் கலந்தாலும் அரசுக்குக் கவலை இல்லை. இந்தச் சட்டத்தின் நோக்கம் வெள்ளை மேலாதிக்கத்தைக் காப்பதுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்ய முக்கியமான ஆதாரம் இதுதான். கமலா ஹாரிஸின் தாய், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலன், ஜமைக்காவின் கறுப்பினத்தவரான டொனால்ட் ஹாரிஸை மணந்தது 1963-ல். 'அப்போது அது தடைசெய்யப்பட்ட திருமணம்' என்று மேடையில் யாராவது பேசினால் மெதுவாகத் திருத்துங்கள்.

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கையும் காட்டலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய பஞ்சாபி விவசாயிகள் பலர் மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். திருமண உரிமம் தரும் எழுத்தர் மணமக்களைப் பார்த்து இருவரும் ஒரே நிறம் என்று எண்ணிவிட்டால் தடை எழாது. சட்டம் அப்போது எழுத்தரின் கண்ணில்தான் இருந்தது.

வாசிப்பு

சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பிட்ட பின் யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். ஐந்து பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், நின்றபடி.

முதல் ஆள்: 1958 ஜூன் 2, வர்ஜீனியாவின் கரோலைன் கவுண்டியில் சென்ட்ரல் பாயின்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த இருவர் வாஷிங்டன் டி.சி.க்குப் போய் மணக்கிறார்கள். இரண்டாவது: ஜூலை 11 விடியும் முன் ஷெரிஃப் படுக்கையறைக்குள் வருகிறார், சுவரில் தொங்கும் திருமணச் சான்றிதழைக் காட்டினால், இங்கே இது செல்லாது என்கிறார். மூன்றாவது: 1959 ஜனவரி 6, குற்ற ஒப்புதலும் தண்டனையும். நான்காவது: 1963-ல் மில்ட்ரெட்டின் கடிதம், அது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்துக்குப் போவது, பெர்னார்ட் கோஹன், ஃபிலிப் ஹிர்ஷ்காப் என்ற இளம் வழக்கறிஞர்கள் வழக்கை எடுப்பது. ஐந்தாவது: 1967 ஏப்ரல் 10 வாதமும் ஜூன் 12 தீர்ப்பும்.

வாதம் நடந்த நாளில் லவிங் தம்பதி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ரிச்சர்ட் சொல்லியனுப்பியதைக் கோஹன் நீதிபதிகளிடம் சொன்னார்: என் மனைவியை நான் நேசிக்கிறேன், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாது என்பது நியாயமே இல்லை. இந்த வாதத்தின் ஒலிப்பதிவு, உச்ச நீதிமன்ற வாதங்களைத் தொகுத்து வைக்கும் ஓயேஸ் (Oyez) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் கைபேசியில் முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள், பூங்காவில் இணையத்தை நம்ப வேண்டாம். ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கத்தின் சார்பில் வில்லியம் மாருடானியும் அன்று வாதாடினார். ஆசியக் குடும்பங்கள் இருந்தால் அவர் பெயரைச் சேருங்கள்.

முடிவில் தீர்ப்பின் கடைசிப் பத்திகள். தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதியது, இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடலாம். அரசு ஆவணம் என்பதால் பதிப்புரிமை இல்லை. எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்காகக் அதிலுள்ள முக்கியமான வாக்கியத்தையாவது தமிழில் தயாராக வைத்திருங்கள்: வேறு இனத்தவரை மணப்பதா வேண்டாமா என்ற உரிமை நம் அரசியல் சட்டப்படி அந்தந்த மனிதரிடமே இருக்கிறது, மாநிலம் அதில் கை வைக்க முடியாது. மேடையிலேயே மொழிபெயர்க்கிறேன் என்று யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. நள்ளிரவுக் கைதை நாடகமாக நடிக்காதீர்கள். காவல்காரர் வீடு புகும் காட்சி, பெற்றோர் இருவரும் வேறு வேறு நிறமாக உள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு வரலாறாகத் தெரியாது, நாளைக்கு நம் வீட்டுக்கும் வருவார்கள் என்றுதான் தெரியும். அடுத்தது 1965-ல் நீதிபதி லியோன் பசீல் எழுதியது: கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், எனவே அவை கலக்கக் கூடாது. பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும்போது இதைத் தவிர்க்கலாம். பதின்வயதினருக்குக் கட்டாயம் வாசியுங்கள். சட்டம் எந்த மொழியில் பேசியது என்பதை அவர்கள் கேட்க வேண்டும்.

ஆவணப்படம் திரையிடும் யோசனை வந்தால், வீட்டுச் சந்தாவை வைத்துப் பூங்காவிலோ நூலகத்திலோ பொதுவில் காட்டுவது உரிம மீறல். பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் ஒலிப்பதிவே போதும்.

சாப்பாடு

'ஏதாவது கொண்டுவாருங்கள்' என்றால் ஏழு வீட்டிலிருந்து இனிப்பு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் வகையைச் சொல்லிவிடுங்கள்: நாலு வீடு அசைவமோ பருப்போ, மூன்று காய்கறி, இரண்டு ரொட்டி வகை, இரண்டு இனிப்பு, ஒன்று பழம். வீட்டுக்குப் பத்துச் சிறு பரிமாறல் அளவு. பன்னிரண்டு வீட்டுக்கு 120, நாற்பது பேருக்குத் தலைக்கு மூன்று. 'நாற்பது பேருக்கும் வருகிற மாதிரி செய்யுங்கள்' என்று சொன்னால் பாதி குப்பைக்குப் போகும். சோற்றை மட்டும் நடத்துபவர்கள் பொறுப்பில் வையுங்கள், 5 பவுண்டு அரிசி போதும். பனிக்கட்டி 50 பவுண்டு, தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், தட்டு 60. சூடேற்றும் தாங்கியின் எரிபொருள் டப்பா பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் தீரும், தாங்கிக்கு நான்காக வாங்குங்கள்.

வெளியில் வைத்த சாப்பாடு இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சூடானது 140 டிகிரிக்கு மேலும் குளிர்ந்தது 40-க்குக் கீழும் இருக்க வேண்டும். தயிர் சாதம் கெட்டால் புளித்துத் தெரியும், வெறும் சோறு தெரியாமலே கெடும். சோற்றைச் சிறு சிறு பாத்திரமாக வெளியே எடுங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அட்டை. பெயர், யார் வீட்டுச் சமையல், என்ன இறைச்சி, ஒவ்வாமைப் பொருட்கள். அமெரிக்கச் சட்டம் பட்டியலிடும் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023-ல் சேர்ந்தது. நம் சமையலில் இதுதான் ஒளிந்திருக்கும்: நல்லெண்ணெய், இட்லிப் பொடி. கோதுமையே இல்லை என்று நினைக்கும் சாம்பாரிலும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கலாம், டப்பாவைப் பாருங்கள். மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் தனிக் கரண்டி, மேசையின் வேறு முனை. இந்த ஒரு ஏற்பாட்டால் சம்பந்தி வீட்டார் இரு தரப்பும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

பேச்சு, கேள்வி, படம்

சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கதைக்கு விடலாம். விருப்பம் உள்ளவர் மட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம், கைபேசியில் மணி. 'வீட்டில் ஒத்துக்கொண்டார்களா?' என்று நடத்துபவர் கேட்கக் கூடாது. இருபது வருடமாகப் பேசாத அப்பா ஒருவர் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கலாம். கேள்வியை அட்டையில் எழுதிக் கூடையில் போட்டு, எடுப்பவர் பிடித்தால் பதில் சொல்லட்டும், இல்லையென்றால் திரும்பப் போடட்டும். 'உங்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்குச் சண்டை வரும்?', 'பிள்ளைக்குப் பெயர் வைத்தது யார், எப்படி?' போன்றவை நன்றாக ஓடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். 'நல்லவேளை, குழந்தை அப்பா நிறத்துல பிறந்துட்டா' என்பதை அவர்கள் பாராட்டாகத்தான் சொல்வார்கள், தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்றும் நினைப்பார்கள். அந்தக் குழந்தைக்குப் புரியும். கறுப்பினத் தாயோ தந்தையோ உள்ள பிள்ளையின் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பதும் அப்படியே. 'அம்மா, நிறத்தைப் பத்தியும் முடியைப் பத்தியும் அங்க எதுவும் வேண்டாம்' என்று பிள்ளைகளே நேராகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். சுற்றி வளைத்தால் புரியாது.

பெயர் அட்டையில் பச்சைப் புள்ளி என்றால் படம் எடுக்கலாம், மஞ்சள் என்றால் வேண்டாம். பிள்ளைகளின் அட்டையில் பெற்றோர்தான் புள்ளி வைக்க வேண்டும். குழுப் படத்தை இரண்டு முறை எடுங்கள், இரண்டாவதில் மஞ்சள் புள்ளிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும். பத்திரிகைக்காரர் வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். பல நிறப் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுப்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம் இருக்கும்.

பிள்ளைகள் மேசை

அச்சடித்த குடும்ப மரத் தாள் வேண்டாம். இரண்டு கிளை, நான்கு கிளை என்று அது முன்பே தீர்மானித்துவிடும். தத்துப் பிள்ளைக்கும், அம்மா மட்டும் உள்ள வீட்டுக்கும், இரண்டு அப்பா உள்ள வீட்டுக்கும் அது பொருந்தாது. வெற்றுத் தாளைக் கொடுத்து, நடுவில் தன்னையும் சுற்றி வீட்டாரையும் வரையச் சொல்லுங்கள். தோல் நிறத்துக்குத் தனிக் கிரேயான் பெட்டி வாங்குங்கள். கிரேயோலா 2020-ல் 24 தோல் நிறங்களை வெளியிட்டது. பன்னிரண்டு பிள்ளைக்கு மூன்று பெட்டி. வண்ணக் குழம்பு என்றால் பழுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஒரு துளி நீலம். நீலத்தைப் பெரியவர் கையில் வைத்திருங்கள், ஒரு கரண்டி கூடினால் எல்லாரும் சாம்பலாகிவிடுவார்கள். 'நீ எதில் பாதி?' என்ற கேள்வி இந்த மேசையில் எழவே கூடாது.

பிரகடனமும் நோட்டரியும்

நகர மேயரிடம் ஜூன் 12-ஐ லவிங் தினமாக அறிவிக்கும் பிரகடனம் கேட்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக மேயர் அலுவலகத்துக்கோ நகர எழுத்தருக்கோ எழுதுங்கள். பல நகரங்களில் அங்கே குடியிருப்பவர்தான் கேட்க முடியும், வாசகத்தையும் கேட்பவரே எழுதித் தர வேண்டும். நான்கைந்து 'என்பதாலும்' பத்திகள், முடிவில் அறிவிப்பு. வழக்கின் பெயர், தேதி, ஒருமனத் தீர்ப்பு, உங்கள் மாநிலம் எந்த நிறத்தில் வருகிறது என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் உள்ளூர்க்காரர்களைத் திரும்பிப் பார்க்கவைக்கும். 'தேசிய விடுமுறை' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்றக் கூட்டத்தில் வாசிக்க வேண்டுமா, அச்சிட்ட தாள் போதுமா என்பதையும் குறிப்பிடுங்கள், இரண்டுக்கும் காத்திருப்புக் காலம் வேறு.

வருகிறவர்களில் யாராவது நோட்டரி உரிமம் உள்ளவராக இருந்தால் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். பிள்ளையின் முகமும் கூட வரும் பெற்றோரின் முகமும் பொருந்தாததால் விமான நிலையத்திலும் எல்லையிலும் கேள்வி வருவது இந்தக் குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்யும்போது, மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதத்தை வைத்திருக்கும்படி அமெரிக்க எல்லைத் துறையே பரிந்துரைக்கிறது. கையெழுத்திடுபவர் புகைப்பட அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும், கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரக் கூடாது. இதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளையின் குடும்பப் பெயர் பெற்றோரின் பெயரிலிருந்து வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழின் படி ஒன்றும் கூட இருக்கட்டும்; அப்பா பெயரை முதலெழுத்தாக வைக்கும் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி இடிக்கும்.

முடிந்த பிறகு

ஊசிகளை எண்ணி எடுங்கள், புல்லில் விழுந்தது அடுத்த நாள் யாரோ ஒரு பிள்ளையின் காலில் ஏறும். மண்டபத்தைக் கூட்டி, காலி செய்த நிலையில் ஒரு படம் எடுத்துவைத்தால் முன்பணம் பற்றிப் பேச்சு வராது. வரைபடத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஜூன் மாதக் காட்சிக்கு உள்ளூர்ப் பொது நூலகம் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும், தனிப்பட்ட பெயர்கள் எழுதியிருந்தால் மட்டும் மறைத்துக் கொடுங்கள். படங்களை மஞ்சள் புள்ளிகளைச் சரிபார்த்த பின் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட்டு, அதே மடலில் அடுத்த ஆண்டு மண்டபப் பதிவு திறக்கும் தேதியையும் யார் பதியப்போகிறார் என்பதையும் எழுதிவிடுங்கள்.